பாளையம் குன்றும் தும்பா கடற்கரையும்: ஒரு காந்த ஊசியின் கதை

(சபையின் திருவனந்தபுரம் கிளைக் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குப் பயன்படும்படி மின்சாரம், காந்தம், விசைப்புலம் பற்றி எளிமையாக முக்கால் மணி நேரம் பேசவேண்டும் என்று செயலர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் கோப்புகளைப் புரட்டியே காலம் போயிற்று. வாத்தியார் வேலை பார்த்ததில்லை. ஆகவே பாடப்புத்தகத்தை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. இந்தப் பாடத்துக்கும் நம் திருவனந்தபுரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதைச் சொன்னால் பாடமும் கூடவே வந்துவிடும்.

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை மூளைப் பக்கம் இழுத்துவிடும் என்பது ஒன்று. சிதம்பரம் கோயில் உலகத்தின் காந்த மத்திய ரேகை மேல் அமைந்திருக்கிறது, இதை விஞ்ஞானிகள் பல வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் அனுப்பியவர்கள் எனக்கு வேண்டியவர்கள், நன்றாகப் படித்தவர்கள். உங்களில் பலருக்கும் இவை வந்திருக்கும், நீங்களும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். இரண்டுக்கும் இன்று பதில் சொல்கிறேன். அதற்கு முதலில் ஒரு காந்த ஊசி வேண்டும்.

ஒரு காகிதத்தின் மேல் இரும்புத் தூளைத் தூவி, அடியில் காந்தத்தை வைத்து லேசாகத் தட்டினால் தூள் வளைந்த கோடுகளாக வரிசைப்படும். நாம் எல்லோரும் பார்த்ததுதான். தட்டாமல் விட்டால் தூள் அப்படியே கிடக்கும். அப்போது காந்தத்தைச் சுற்றி ஒன்றும் இல்லையா? இருக்கிறது. லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்ட மைக்கேல் ஃபாரடே என்ற பையன், பின்னால் பெரிய விஞ்ஞானியாகி, விடாப்பிடியாகச் சொன்னது இதைத்தான். அவருக்குக் கணக்கு அதிகம் வராது. ஆனால் காந்தத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் வெறும் இடம் அல்ல, அங்கே ஒரு நிலைமை இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இந்த ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம் உஷ்ணம் குறைவு, பின்னால் பாயசம் கொதிக்கிற இடத்தில் ஜாஸ்தி. தெர்மாமீட்டர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு உஷ்ணம் உண்டு. அது போல ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு அளவும் ஒரு திசையும் சேர்ந்து இருந்தால் அதுதான் விசைப்புலம். தெர்மாமீட்டருக்குப் பதில் இங்கே காந்த ஊசி. புத்தகத்தில் போட்டிருக்கும் அம்புக்குறிகள் நாம் வரைந்தவை, புலம் நாம் வரைந்தது அல்ல. அதற்குச் சொந்தமாக ஆற்றல் உண்டு, அலையாகப் பயணம் செய்யும். ஃபாரடேக்கு வராத கணக்கை மாக்ஸ்வெல் 1860களில் போட்டு முடித்தார். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் அந்தக் கணக்கின் பலன்தான். அதற்குள் இன்று போகவேண்டாம்.

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு இருப்பதை 1820-ல் டென்மார்க்கில் அர்ஸ்டெட் கண்டார். கம்பியில் மின்சாரம் போனபோது பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. இது எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு எங்கள் காலத்தில் 'ஸ்நோ' என்று ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். மின்சாரம் தெற்கிலிருந்து வடக்கே, ஊசிக்கு மேலாகப் போனால், ஊசி மேற்கே திரும்பும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு திரும்பும்? வடக்கு தெற்காகக் கட்டிய கம்பியில் 2 ஆம்பியர் மின்சாரம் விட்டு, அதிலிருந்து சரியாக ஒரு சென்டிமீட்டர் கீழே ஊசியை வைத்தால் நம் ஊரில் ஏறக்குறைய 45 டிகிரி திரும்பும். அந்தக் கம்பி அந்தத் தூரத்தில் உண்டாக்கும் புலம் 40 மைக்ரோடெஸ்லா. திருவனந்தபுரத்தில் பூமியின் காந்தப் புலமும் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். இரண்டும் சமபலம், அதனால் ஊசி நடுவில் நிற்கிறது. இவ்வளவு பெரிய பூமியின் காந்தத்துக்கு ஒரு டார்ச் செல்லும் ஒரு முழம் கம்பியும் சமானமாக நிற்கின்றன. பூமியின் காந்தம் பெரியது, ஆனால் பலமானது அல்ல.

இப்போது வடக்கே தலை வைக்கும் விஷயம். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்தக் காந்தத்தின் புலம் சாதாரணமாக 1.5 டெஸ்லா. பூமியின் புலத்தைப் போல 37,500 மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்துவிட்டு நம் வயதுக்காரர்கள் எழுந்து வந்து காபி சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் ரத்தம் தலைப் பக்கம் போய்க் குவியவில்லை. ரத்தத்தில் இரும்பு உண்டு, வாஸ்தவம். ஆனால் அது ஆணியில் உள்ள இரும்பைப் போலக் காந்தத்தை நோக்கி ஓடும் இரும்பு அல்ல. ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது. வடக்கே தலை வைக்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் வைப்பதில்லை. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதே எனக்குப் போதும். பாவம், அந்தக் காந்தத்தை எதற்குப் பொய் சாட்சிக்குக் கூப்பிடவேண்டும்?

அடுத்தது காந்த மத்திய ரேகை. ஊசியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் அது வடக்கு தெற்காக நிற்கும். அதோடு சாயவும் செய்யும். லண்டனில் அப்படித் தொங்கவிட்டால் வடமுனை 66 டிகிரி கீழே குத்திட்டு நிற்கும். ஏனென்றால் பூமியின் விசைக்கோடுகள் அங்கே தரைக்குள் செங்குத்தாகப் போகிற மாதிரி இறங்குகின்றன. இந்தச் சாய்வுக்குக் காந்தச் சரிவு என்று பெயர், இங்கிலீஷில் டிப் என்பார்கள். தெற்கே வர வர சரிவு குறையும். சரிவு பூஜ்யமாகி ஊசி படுக்கையாக நிற்கும் இடங்களையெல்லாம் சேர்த்தால் கிடைக்கும் கோடுதான் காந்த மத்திய ரேகை. பூகோளத்தின் மத்திய ரேகை நமக்கு எட்டரை டிகிரி தெற்கே, கடலுக்குள் இருக்கிறது. காந்த மத்திய ரேகையோ இந்தியாவின் தென்கோடியை ஒட்டி, நம் திருவனந்தபுரத்தின் பக்கமாகப் போகிறது.

இதில் பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். டாஞ்சென்ட் கால்வனாமீட்டர் கணக்குகளில் புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு என்று ஒன்று வரும். பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் அதற்கு 0.18 என்று போட்டிருக்கும், நம் பரிசோதனைக்கூடத்தில் 0.38 என்று எழுதச் சொல்வார்கள். இரண்டும் சரிதான். அங்கே புலம் தரைக்குள் இறங்குவதால் கிடைத்தளத்தில் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. இங்கே புலம் முழுவதுமே படுக்கையாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கடைசி வரை இதைப் புத்தகத்தின் அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தார்கள்.

சுவாதித் திருநாள் மகாராஜாவை நாம் கீர்த்தனைகளுக்காகக் கொண்டாடுகிறோம். நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிற நம்மில் எத்தனை பேர் பாளையத்தில் உள்ள அப்சர்வேட்டரி குன்றின் மேல் ஏறிப் பார்த்திருக்கிறோம்? 1837-ல் அங்கே வானாய்வுக்கூடம் கட்டினவர் அவர்தான். ஆலப்புழையில் சர்க்காரின் வாணிப ஏஜெண்டாக இருந்த ஜான் கால்டிகாட் என்பவர் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பவர். அவரை மகாராஜா தலைவராக நியமித்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் கவுஸ் என்ற மாபெரும் கணித மேதை, பூமியின் காந்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும் என்று சொல்லி, பல நாட்டு ஆய்வுக்கூடங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட நாள்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபத்துநான்கு மணி நேரமும், எல்லா ஊரிலும் ஊசியைப் பார்த்து எழுதவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இதற்கு ஏற்பாடு செய்தது. திருவிதாங்கூரில் இதைச் செய்தது கம்பெனி அல்ல, மகாராஜா. கால்டிகாட் ஐரோப்பா போய்க் கருவிகள் கொண்டுவந்தார், 1841-ல் நம் குன்றின் மேல் காந்த அளவை தொடங்கியது. கால்டிகாட் 1849-ல் காலமானார்.

1852-ல் வந்தார் ஜான் ஆலன் ப்ரௌன். ஸ்காட்லாண்டுக்காரர். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம். நம் ஊர் மியூஸியமும் மிருகக்காட்சிசாலையும் 1850களில் தொடங்கியதற்கு இவரும் ஒரு காரணம். ஆனால் மனுஷர் உயிரை விட்டது காந்த ஊசிக்காக. ராப்பகலாக மணிக்கு மணி அளவெடுக்க உள்ளூர் ஆள்களையே பழக்கினார். தூரத்தில் உட்கார்ந்து தொலைநோக்கி வழியாகத்தான் ஊசியைப் பார்க்கவேண்டும். கிட்டே போனால் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து கூட ஊசியைக் கலைத்துவிடும். காந்த ஆய்வுக்கூடங்களுக்கு இரும்பு ஆணி கூட ஆகாது, பித்தளை, செம்பு ஆணிதான். பம்பாய் கொலாபாவில் இருந்த காந்த ஆய்வுக்கூடத்தை, நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்று தெரிந்ததும், மூஸ் என்ற பார்ஸி விஞ்ஞானி 1904-ல் கடலுக்கு அக்கரையில் அலிபாக்கில் புதுக் கட்டடம் கட்டி மாற்ற வேண்டியிருந்தது. தண்டவாளம் வழியாகத் தரையில் கசியும் மின்சாரம் ஊசியை நிம்மதியாக இருக்க விடாது.

ப்ரௌனுக்கு ஒரு சந்தேகம். ஊசி தினமும் காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் மிக மிக லேசாக அசைகிறது. அந்த அசைவுக்குக் காரணம் எங்கே இருக்கிறது? உயரமான இடத்தில் பார்த்தால் அசைவு வித்தியாசப்படுமா? இதற்காக 1855-ல் அகஸ்தியர் மலையில், ஆறாயிரம் அடிக்கு மேல், இன்னொரு ஆய்வுக்கூடம் கட்டினார். சாலை கிடையாது, யானைக் காடு, அட்டை, இடைவிடாத மழைக்காற்று. கருவிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். அகத்தியர் தமிழ் வளர்த்த இடம் என்று நாம் கும்பிடும் பொதிகையில், கீழே பாளையத்திலும் மேலே மலையிலும் ஒரே நேரத்தில் ஊசி அளந்து எழுதினார்கள். ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

அந்தக் கணக்குகளிலிருந்து ப்ரௌன் கண்டறிந்தவை சாமானியமானவை அல்ல. நம் ஊர் ஊசியின் தினசரி அசைவு வருஷத்தின் ஒரு பாதியில் வடபாதி உலகத்தின் ஊசியைப் போலவும், மறுபாதியில் தென்பாதி உலகத்தின் ஊசியைப் போலவும் நடந்துகொள்கிறது. பூமியின் கிடைத்தளப் புலம் குறைந்தால் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் குறைகிறது, ஏறினால் சேர்ந்தே ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒழுங்கு தெரிகிறது, சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு இது ஒத்துப்போகிறது. இவ்வளவையும் அவர் ஓர் ஊசியை வைத்துக்கொண்டு சொன்னார்.

1865-ல் அவர் ஊரை விட்டுப் போனார். திருவனந்தபுரம், அகஸ்தியர் மலை அளவைகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1874-ல் லண்டனில் அச்சாயிற்று, மகாராஜாவின் ஆய்வுக்கூடங்கள் என்று தலைப்பிலேயே போட்டு. 1878-ல் ராயல் சொஸைட்டி அவருக்கு ராயல் மெடல் கொடுத்தது, மறு வருஷம் காலமானார். நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்?

ஊசியை அசைப்பது எது என்ற அவருடைய கேள்விக்கு விடை அகஸ்தியர் மலையில் இல்லை. அது தரையிலிருந்து 105 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. ஆறாயிரம் அடி ஏறினவர் அந்த உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கூட ஏறவில்லை.

1882-ல் பால்ஃபோர் ஸ்டூவர்ட் என்பவர், காற்று மண்டலத்தின் மேல் அடுக்கில் மின்சாரம் ஓடலாம் என்று ஊகம் சொன்னார். 1922-ல் தென்னமெரிக்காவில் பெரு நாட்டில், காந்த மத்திய ரேகைக்குப் பக்கத்தில் உவாங்காயோ என்ற இடத்தில் ஆய்வுக்கூடம் வைத்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. மத்தியான வேளையில் கிடைத்தளப் புலம் மற்ற ஊர்களைவிட மிக அதிகமாக எழும்புகிறது. தலைக்கு மேல் கிழக்கு நோக்கி ஒரு மின்சார ஆறு பகல் முழுவதும் ஓடுகிறது என்பது மெல்ல விளங்கியது. 1951-ல் சிட்னி சாப்மன் அதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார். அந்த ஆறு காந்த மத்திய ரேகையைத் தொடர்ந்து பூமியைச் சுற்றி ஓடுகிறது. அகலம் அறுநூறு கிலோமீட்டர் அளவு. நம் தலைக்கு மேலேயும் போகிறது.

அது ஏன் காந்த மத்திய ரேகை மேல் மட்டும்? இதற்குப் பள்ளிக்கூடப் பௌதிகமே போதும், குழந்தைகள் இடது கையை நீட்டுங்கள். ஃப்ளெமிங்கின் இடக்கை விதி. சுட்டுவிரல் காந்தப் புலம், அது வடக்கே. நடுவிரல் மின்னோட்டம், அது கிழக்கே. கட்டைவிரல் எங்கே காட்டுகிறது? நேர் மேலே. அதுதான் விசை.

பகலில் சூரிய வெயிலால் மேல்காற்று மின்கடத்தியாகிறது. வெப்பத்தால் அந்தக் காற்று நகர்ந்து பூமியின் காந்தக் கோடுகளை வெட்டுகிறது. ஃபாரடே 1831-ல் காட்டிய டைனமோ இதுதான், கம்பிக்குப் பதில் காற்று. இதனால் பகல் பக்கத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்புலம் உண்டாகிறது. 105 கிலோமீட்டர் உயரத்தில் கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு மோதி மோதி நகர முடியாமல் நிற்கின்றன. இலேசான எலக்ட்ரான்களோ இடக்கை விதிப்படி மேலே போகின்றன. மேலே எதிர்மின்னூட்டம், கீழே நேர்மின்னூட்டம் என்று பிரிந்து நிற்கும்போது, கீழிருந்து மேலாக இன்னொரு பலமான மின்புலம் பிறக்கிறது.

மற்ற ஊர்களில் காந்தக் கோடுகள் சாய்ந்திருப்பதால், குவிந்த எலக்ட்ரான்கள் அந்தக் கோடுகள் வழியே வழிந்து ஓடிவிடும். கூரை சாய்வாக இருந்தால் மழைத்தண்ணீர் நிற்காது அல்லவா? காந்த மத்திய ரேகை மேல் கோடுகள் படுக்கையாக இருக்கின்றன. அது மொட்டைமாடி, தண்ணீர் நின்றுவிடுகிறது. நின்ற மின்புலம் என்ன செய்யும்? மறுபடியும் விரல்களை வையுங்கள். சுட்டுவிரல் வடக்கேயே இருக்கட்டும், நடுவிரலை மேலே திருப்புங்கள். இப்போது கட்டைவிரல் மேற்கே. எலக்ட்ரான்கள் மேற்கே விரைகின்றன. எதிர்மின்னூட்டம் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே என்று அர்த்தம். முதலிலேயே கிழக்கே ஓடிக்கொண்டிருந்த சிறு ஓடை இப்போது ஆறாகிவிட்டது.

இப்போது 'ஸ்நோ'வைக் கூப்பிடுங்கள். தலைக்கு மேல் வடக்கே போகும் மின்சாரம் ஊசியை மேற்கே தள்ளும் என்றால், கிழக்கே போகும் மின்சாரம் வடக்கே தள்ளும். ஊசி ஏற்கெனவே வடக்கே பார்த்துத்தான் நிற்கிறது. ஆகவே திரும்பாது, பிடிமானம் மட்டும் இறுகும். மத்தியானம் திசைகாட்டியைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாததற்கு இதுதான் காரணம். புலத்தின் பலத்தை அளக்கும் கருவி இருந்தால், நாற்பதாயிரத்தில் ஏறக்குறைய நூறு பங்கு கூடியிருப்பது தெரியும். அந்த நூறு பங்கை உண்டாக்க மேலே எத்தனை ஆம்பியர் ஓடவேண்டும்? ஒற்றைக் கம்பி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஐம்பதாயிரம் ஆம்பியருக்கு மேல் வருகிறது. அது கம்பியாக இல்லாமல் அகலமான பட்டையாகப் பரவி ஓடுவதால் நிஜ அளவு இதற்கும் மேலே. தினமும் நாம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயரும் நேரத்தில் நம் தலைக்கு மேல் இது ஓடுகிறது, யாரும் பில் அனுப்புவதில்லை.

இதை நேரில் போய் அளக்க என்ன வழி? பலூன் நாற்பது கிலோமீட்டர் போகும், அதற்கு மேல் போகாது. நூறு கிலோமீட்டரில் செயற்கைக்கோள் சுற்ற முடியாது, காற்று உராய்ந்து விழுந்துவிடும். ராக்கெட் ஒன்றுதான் வழி. அதையும் காந்த மத்திய ரேகை மேலிருந்து விடவேண்டும். விக்ரம் சாராபாய் இந்தியாவின் வரைபடத்தில் தேடியதும் அதைத்தான். கடற்கரையாகவும் இருக்கவேண்டும், காந்தச் சரிவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். தும்பா கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இன்று இவ்வளவு பெரிய விண்வெளிக் கேந்திரம் இருப்பதற்கும், நம் சபை அங்கத்தினர் குடும்பங்களில் வீட்டுக்கு வீடு ஒருவர் வி.எஸ்.எஸ்.சி.யில் வேலை பார்த்ததற்கும் மூலகாரணம், ஓர் ஊசி இங்கே சாயாமல் நிற்கிறது என்பதுதான்.

1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் போயிற்று, அமெரிக்காவின் நைக் அப்பாச்சி. அப்போது எனக்குப் பதினாலு வயசு. கரமனையில் தெருவே வாசலில் நின்றது. சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்கு மேற்கு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் கோடு போல எழுந்து, பிறகு வளைந்து கலைந்தது. ராக்கெட் உமிழ்ந்த சோடியம் ஆவி, மேல்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதற்காக. எதிர் வீட்டுப் பாட்டி தூமகேது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 1964-லேயே காந்தமானி பொருத்திய ராக்கெட்டுகள் தும்பாவிலிருந்து போய், அந்த மின்சார ஆற்றுக்குள்ளேயே நுழைந்து அளந்தன. ஊகம் அளவையாயிற்று. ப்ரௌன் மலை ஏறிப்போய் நூறு வருஷத்துக்குச் சற்று மேல் ஆன பிறகு.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே பாலமாக நிற்பவர் ஒருவர். கல்பாத்தியில் 1893-ல் பிறந்த கே.ஆர். ராமநாதன். திருவனந்தபுரத்தில் மகாராஜா காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தபோது நம் குன்றின் மேல் இருக்கும் அப்சர்வேட்டரியையும் கவனித்துக்கொண்டவர். 1921-ல் கல்கத்தா போய் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். பிறகு வானிலைத் துறையில் நெடுங்காலம். அங்கே ஓய்வு பெற்றதும் சாராபாய் அழைத்து, அகமதாபாத் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டராக்கினார். தும்பாவுக்கு வித்திட்டது அந்த ஆய்வுக்கூடம்தான். பத்ம விபூஷண் வரை வாங்கினார். நம் பத்திரிகையில் கல்பாத்தித் தேர் பற்றி வருஷா வருஷம் எழுதுகிறோம், நல்லதுதான். ராமநாதனைப் பற்றியும் யாராவது எழுதவேண்டும்.

சிதம்பரத்தை மறக்கவில்லை. 1957-58 சர்வதேச புவிபௌதிக ஆண்டையொட்டி இந்தியாவில் புதிதாகக் காந்த ஆய்வுக்கூடங்கள் தொடங்கப்பட்டன. ஒன்று நம் திருவனந்தபுரம். இன்னொன்று எது தெரியுமா? அண்ணாமலைநகர். சிதம்பரம் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே வருஷக்கணக்கில் அளந்தார்கள். 1960களில் அங்கே காந்தச் சரிவு சுமார் 5 டிகிரி, பூஜ்யம் அல்ல. அந்த ரேகையும் ஒரே இடத்தில் நிற்பது இல்லை. கடந்த அறுபது வருஷத்தில் தென்னிந்தியாவில் அது மெல்லத் தெற்கே நகர்ந்திருக்கிறது, ஆகவே சிதம்பரத்தில் சரிவு இன்று அதைவிட அதிகம். நடராஜாவைத் தரிசிக்கக் காந்தத்தின் சிபாரிசு எதற்கு? அந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள், கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து நிஜமாகவே அளந்து எழுதி வைத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். எங்கள் ஆபீஸில், கோப்பில் இருக்கும் கணக்கைப் பார்க்காமல் குறிப்பு எழுதினால் அன்றைக்கே திருப்பி அனுப்புவேன்.

பழைய கணக்குகளை யாராவது மறுபடி பார்ப்பார்களா என்று கேட்கலாம். 1859 செப்டம்பரில் சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று உண்டாகி, பூமியின் காந்தம் கலங்கியது. அதன் உச்சத்தை நன்றாகப் பதிவு செய்தது பம்பாய் கொலாபா. கிடைத்தளப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது. கொலாபாவின் கையெழுத்து நோட்டுகளிலிருந்து அதை எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதியது 2003-ல். 2024 மே மாதத்தில் வந்த காந்தப் புயல் அதில் கால் பங்கு அளவுதான். அதற்கே லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது, படம் பார்த்திருப்பீர்கள். 1989 மார்ச்சில் வந்த புயலில் கனடாவின் க்யூபெக் மாகாணமே ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தது. மாறும் காந்தப் புலம் நீண்ட கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்ற ஃபாரடேயின் விதி மின்வாரியத்துக்கும் பொருந்தும். இந்தப் புயல்களை முன்கூட்டியே அறிய 2023-ல் இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 இப்போது பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அதில் உள்ள பாப்பா என்ற கருவி நம் வி.எஸ்.எஸ்.சி.யின் விண்வெளி பௌதிக ஆய்வுக்கூடத்தில் செய்தது.

நேரமாகிவிட்டது, பந்தி தயார் என்று கை காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு உட்கார்கிறேன். ஸ்வெட்டர் பின்னும் இரும்பு ஊசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது காந்தமாக இருக்கக்கூடாது. நடுவில் மெல்லிய பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டு, தராசு மாதிரி சரியாகப் படுக்கையாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு சொட்டுப் பசையால் நூலை ஒட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு நல்ல காந்தத்தின் ஒரே முனையால் ஊசியை ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேயுங்கள். பிறகு இரும்பு அலமாரி, கட்டில், ஃபிரிட்ஜ் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஃபேனை நிறுத்திவிட்டுத் தொங்கவிடுங்கள். திருவனந்தபுரத்தில் அது முன்போலவே படுக்கையாக நிற்கும். ஓரிரு டிகிரி சாய்வு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

நம் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. சென்னையில் செய்கிற குழந்தைக்கு வடமுனை பத்து டிகிரிக்குச் சற்று மேல் சாயும், மும்பையில் சுமார் 26, டில்லியில் நாற்பதுக்கு மேல். சிங்கப்பூரில் வேடிக்கை, வடமுனை கீழே போகாமல் மேலே தூக்கும். மெல்போர்னில் இருக்கும் என் பெண் சென்ற வருஷம் பேரனுக்கு ஒரு திசைகாட்டி வாங்கி வந்தாள். அது தென்பாதி உலகத்துக்காகச் சமநிலை செய்தது, வடமுனையில் ஒரு சின்ன எடை வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த முனை தொங்கிப்போய் அடித்தட்டில் உரசுகிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள் அவள்.

ஊசி எத்தனை டிகிரி சாய்ந்தது என்று ப்ரொட்ராக்டர் வைத்து அளந்து, ஊர்ப் பெயரோடு ஒரு கடிதத்தில் எழுதிச் சபைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஊர் வாரியாக ஒரு பட்டியல் போட்டு அடுத்த இதழில் வெளியிடலாம் என்று ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.